‘அரசுப் பணியைச் செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு’: எந்தச் சொல்லுக்கு, எந்த அடிக்கு என்ன தண்டனை?

2025 செப்டம்பர் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் நடந்த மோதல் பலருக்கும் நினைவிருக்கும். தொழிலாளர் குடியிருப்பில் தங்கியிருந்த உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும் என்று வடமாநிலத் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். பேச்சுவார்த்தைக்குப் போன போலீஸார் மீது கற்கள் பறந்தன. காவல் அதிகாரிகள் காயமடைந்தார்கள். கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டம் கலைக்கப்பட்டது. 29 தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

இழப்பீடு கேட்டது குற்றமா? இல்லை. கூடி நின்றது? அது எப்படி நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. கல் எறிந்தது? சந்தேகமே இல்லாமல் குற்றம். சரி, கல் எறியாமல் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் பலருக்குத் தெரியாது. நியாயமான கோரிக்கையோடு போனவர் குற்றவாளியாகத் திரும்புவதும், கடமையைச் செய்யப் போன ஊழியர் உயிரையே இழப்பதும் நம் ஊரில் நடந்திருக்கிறது. எனவே சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் தேவை.

யார் ‘பொது ஊழியர்’?

கலெக்டர், தாசில்தார், இன்ஸ்பெக்டர் மட்டும் என்று நினைத்தால் தவறு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ், தனது 2(28) பிரிவில் ‘பொது ஊழியர்’ என்பவர் யார் என்று நீளமாக விளக்குகிறது. அரசிடம் சம்பளம் வாங்குபவர்கள், உள்ளாட்சி அமைப்புகளில் பணிபுரிபவர்கள், சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கழகங்கள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள்.

அப்படிப் பார்த்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் தினமும் எத்தனை பொது ஊழியர்களைச் சந்திக்கிறார்! அரசுப் பேருந்து நடத்துநர், ஹைவேயில் ஹெல்மெட் கேட்கும் போக்குவரத்துக் காவலர், மின்வாரிய லைன்மேன், வி.ஏ.ஓ, நகராட்சி வரி வசூலிப்பவர். சென்னை சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் டிக்கெட் கேட்கும் பரிசோதகரும் பொது ஊழியர்தான். ரயில்வே ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தால், 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 146-வது பிரிவில் தனியாகவே 6 மாதம் வரை சிறை உண்டு.

சொல்லிலிருந்து அடி வரை: தண்டனைப் படிக்கட்டு

நாளிதழ்ச் செய்திகளில் ‘அரசுப் பணியைச் செய்யவிடாமல் தடுத்தல் உள்ளிட்ட பிரிவுகளின் கீழ் வழக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல படிகள் உள்ளன.

- பணிக்கு இடையூறு (பிரிவு 221): 3 மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது பிரிவு 186. அபராதம் 500 ரூபாய்.
- பொது ஊழியருக்கு மிரட்டல் (பிரிவு 224): ஒரு வேலையைச் செய்ய வைக்கவோ, செய்யாமல் தடுக்கவோ, தாமதப்படுத்தவோ அவருக்குத் தீங்கு செய்வதாக மிரட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவருக்கு வேண்டியவர்களைக் காட்டி மிரட்டினாலும் இதே பிரிவுதான்.
- குற்றமுறு மிரட்டல் (பிரிவு 351): இது யாரை மிரட்டினாலும் பொருந்தும். சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை; கொலை அல்லது கொடுங்காயம் செய்வதாக மிரட்டினால் 7 ஆண்டு வரை.
- தாக்க முனைதல், வலுவைப் பயன்படுத்துதல் (பிரிவு 132): 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊரெல்லாம் ‘353’ என்று சொல்வார்களே, அந்தப் பழைய பிரிவின் புதிய எண் இது.
- காயப்படுத்துதல் (பிரிவு 121(1)): 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் உச்சபட்சம் 3 ஆண்டாக இருந்தது.
- கொடுங்காயம் (பிரிவு 121(2)): குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு.
- கலவரத்தை அடக்கும் ஊழியரைத் தாக்குதல் (பிரிவு 195): 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அடிக்கப்போவதாக மிரட்டினாலே 1 ஆண்டு வரை சிறை.

‘கொடுங்காயம்’ என்றால் கை, கால் போவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ கொடுங்காயம்தான். 15 நாட்கள் கடும் வலியில் துடித்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. ஒரே ஒரு கல், காவலரின் தாடையில் பட்டுப் பல் உடைந்தால், 5 ஆண்டு வழக்கு 10 ஆண்டு வழக்காக மாறிவிடும்.

மருத்துவமனை என்றால் சட்டம் இன்னும் கடுமை. 2024 நவம்பர் 13-ம் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பாலாஜி கத்தியால் குத்தப்பட்டபோது ஒரு மாநிலச் சட்டம் பரவலாகப் பேசப்பட்டது. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாடு 2008-ல் கொண்டுவந்த சட்டம் அது. அதன்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வித்தியாசமும் இதில் இல்லை.

ஒரே சோதனைச் சாவடி, மூன்று வழக்குகள்

பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட ஓர் உதாரணம் எளிது. ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச் சாவடியை எடுத்துக்கொள்வோம். லாரியை நிறுத்தி ஆவணம் கேட்கிறார் ஓர் ஊழியர்.

ஓட்டுநர் கத்துகிறார்: “தினமும் இதே தொல்லையாப் போச்சு சார், எத்தனை தடவை பேப்பர் காட்டுறது?” இது கோபம். குற்றமல்ல.

ஓட்டுநர் லாரியைக் குறுக்கே நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு, சோதனையே நடக்கவிடாமல் செய்கிறார். இங்கே 221 வரலாம். “நைட்டு டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போவேல்ல, பாத்துக்கிறேன்” என்று சேர்த்துச் சொன்னால் 224-ம், சூழலைப் பொறுத்து 351-ம் வரலாம்.

இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு வருகிறார், அல்லது சட்டையைப் பிடித்துத் தள்ளுகிறார். இங்கே 132 வந்துவிட்டது. கம்பி மேலே படவே இல்லை என்று வாதிட்டுப் பயனில்லை. அடி விழப்போகிறது என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி ஓங்கினாலே போதும். சட்டம் அதையும் தாக்குதல் என்றே கருதுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம்: 132, 121 இரண்டும் ஊழியர் பணியில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பணியில் இருக்கும்போது தாக்கினாலும், இனிமேல் செய்யவிடாமல் தடுக்கத் தாக்கினாலும், ஏற்கெனவே செய்த பணிக்குப் பழிவாங்கத் தாக்கினாலும் பொருந்தும். போன வாரம் சவுடு மண் லாரியைப் பிடித்த வி.ஏ.ஓ-வை இந்த வாரம் டீக்கடையில் வைத்து அடித்தால், “அவர் அப்போ டூட்டியில் இல்லையே” என்று தப்பிக்க முடியாது.

வெறும் வாய்ச்சண்டைக்கு 132 போட முடியுமா?

போடுகிறார்கள். ஆனால், அது நீதிமன்றத்தில் நிற்காது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது.

முதலாவது, 2015-ல் வந்த மாணிக் தனேஜா வழக்கு. பெங்களூரில் ஒரு சாலை விபத்துக்குப் பிறகு காவல் ஆய்வாளர் தங்களிடம் மோசமாக நடந்துகொண்டதாக ஒரு தம்பதி, போக்குவரத்துக் காவல் துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார்கள். அவர்கள் மீது 353-ம், குற்றமுறு மிரட்டலும் பாய்ந்தன. பொதுமக்கள் குறை சொல்வதற்காகவே இருக்கும் பக்கத்தில் குறை சொன்னது தாக்குதலும் அல்ல, மிரட்டலும் அல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

இரண்டாவது, 2024-ல் வந்த மகேந்திர குமார் சோங்கர் வழக்கு. லஞ்சப் புகாரில் பொறி வைத்துப் பிடிக்க வந்தவர்களிடமிருந்து திமிறி ஓடும்போது நடந்த தள்ளுமுள்ளு அது. தப்பிக்கத் திமிறியதை, பணி செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்துடன் வலுவைப் பயன்படுத்தியதாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் அவரை 353-லிருந்து விடுவித்தது.

மூன்றாவது, 2025-ல் வந்த கே.தனஞ்சய் வழக்கு. பெங்களூரில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாய அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கப் போனவர் கூச்சலிட்டார், மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. வெறுமனே கத்துவதும் மிரட்டுவதும் ‘தாக்குதல்’ ஆகாது என்று அந்த வழக்கும் ரத்தானது.

இதைப் படித்துவிட்டு “அப்போ கையை ஓங்காமல் எதை வேணும்னாலும் பேசலாம்” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கத்தியதற்கு 132 பொருந்தாது என்றால், 221-ம் 224-ம் பொருந்தாது என்று அர்த்தமில்லை. பணிக்கு ‘இடையூறு’ என்பதற்கு உடல் வலிமையைக் காட்டித் தடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று அதே 2025-ல், தேவேந்திர குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிரட்டிப் பணி செய்யவிடாமல் ஆக்குவதும் இடையூறுதான்.

221-க்கும் 132-க்கும் நடுவில் ஒரு கதவு

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 221 பிரிவில் ஒரு நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால், பாதிக்கப்பட்ட ஊழியரோ, அவருடைய மேலதிகாரியோ, அந்த ஊழியரால் அதிகாரம் அளிக்கப்பட்ட இன்னொரு பொது ஊழியரோ எழுத்துபூர்வமாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ், 215-வது பிரிவின் நிபந்தனை இது. போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது.

132-க்கு இந்த நிபந்தனை கிடையாது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். காவல் நிலையத்திலேயே ஜாமீன் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டும் வெவ்வேறு குற்றங்கள் என்று 1966-லேயே துர்காசரண் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? சாதாரண இடையூறாக முடிய வேண்டிய சம்பவத்துக்கும், எஃப்.ஐ.ஆரில் ‘தள்ளினார்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் 132 கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு சொல் உண்மையா, சேர்க்கப்பட்டதா என்பதில்தான் பல வழக்குகளின் தலைவிதி இருக்கிறது. கேமரா பதிவுகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததும் இதனால்தான்.

ஒரே மாவட்டம், இரண்டு முகங்கள்

இந்தச் சட்டம் ஏன் தேவை, ஏன் ஆபத்து என்ற இரண்டு கேள்விகளுக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

2023 ஏப்ரல் 25. முறப்பநாடு வி.ஏ.ஓ லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில் தன் அலுவலகத்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் கடத்துவதாகச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் போலீஸில் புகார் கொடுத்திருந்தார். ஐந்து மாதங்களுக்குள் விசாரணை முடிந்து, அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியாவில் ஒரு கொலை வழக்கு இவ்வளவு வேகமாக முடிவது அபூர்வம்.

மூன்று ஆண்டுகள் முன்னே போவோம். 2020 ஜூன். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் மீது பதிவான எஃப்.ஐ.ஆரில் ஊரடங்கு மீறலோடு 353-ம், 506(2)-ம் இருந்தன. அதாவது, போலீஸாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்கள், கொலை மிரட்டல் விடுத்தார்கள் என்று காகிதம் சொன்னது. சில நாட்களில் இருவரும் இறந்துபோனார்கள். விசாரித்த சி.பி.ஐ, காவலர்கள் மீதே கொலைக் குற்றம் சாட்டியது.

லூர்து பிரான்சிஸைப் போன்ற ஊழியர்களைக் காப்பாற்றத்தான் இந்தப் பிரிவுகள் இருக்கின்றன. அதே பிரிவு, சாத்தான்குளத்தில் அடி வாங்கியவர்களின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசினால், “தண்டனையை இன்னும் ஏத்துங்க” என்றோ, “இந்தப் பிரிவே வேண்டாம்” என்றோ முடியும். இரண்டுமே பாதி உண்மைதான்.

கூட்டத்தில் நின்றாலே குற்றமா?

மறுபடியும் காட்டுப்பள்ளிக்கு வருவோம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல், சட்டவிரோதமான பொது நோக்கத்துடன் கூடினால் அது ‘சட்டவிரோதக் கூட்டம்’. அந்த நோக்கத்தை நிறைவேற்ற ஒருவர் குற்றம் செய்தால், அப்போது கூட்டத்தின் உறுப்பினராக இருந்த ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு என்கிறது பி.என்.எஸ் 190-வது பிரிவு. கல் எறிந்தது ஒரு கை. வழக்கு பத்துப் பேர் மீதும் வரலாம்.

ஆனால், வேடிக்கை பார்ப்பவர் ‘உறுப்பினர்’ ஆக மாட்டார். பொது நோக்கத்தில் அவருக்குப் பங்கு இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். பெருங்கூட்டம் தொடர்பான வழக்குகளில் ஒரே ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தண்டித்துவிடாமல், இரண்டு, மூன்று பேராவது ஒருவரை முரணின்றி அடையாளம் காட்டுகிறார்களா என்று பார்ப்பது விவேகம் என 1964-ம் ஆண்டு மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆயிரக்கணக்கில் திரண்ட கூட்டத்திலிருந்து சிலர் மட்டும் கைதாகும் ஒவ்வொரு வழக்கிலும், ‘ஏன் இவர்?’ என்ற கேள்விக்கு வீடியோவோ நம்பகமான சாட்சியோ பதில் சொல்ல வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கல் மொழி. எதற்காகக் கைது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் உரிமை. புரியும் மொழியில் திறம்படத் தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒடியா மட்டுமே தெரிந்தவரிடம் தமிழ்ப் படிவத்தில் கைரேகை வாங்கிவிட்டு, ‘காரணம் சொல்லியாச்சு’ என்று முடித்துக்கொள்ள முடியாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

மூல காரணத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் இறந்துபோனால் இழப்பீடு உண்டா இல்லையா என்பது, அந்த விபத்து வேலையின்போது, வேலை காரணமாக நடந்ததா என்ற கேள்வியில் தொடங்குகிறது. தங்குமிடத்தில் இரவில் நடந்த மரணம் என்றால் அதுவே சர்ச்சை. எங்கே மனு கொடுப்பது, எவ்வளவு கிடைக்கும், யார் பொறுப்பு என்று தொழிலாளிக்கு அவர் மொழியில் சொல்ல முதல் நாளே ஆள் இருந்தால், பல கூட்டங்கள் கூட்டமாகவே மாறாது. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காட்டுப்பள்ளி என்று வெளிமாநிலத் தொழிலாளர்களை நம்பி இயங்கும் வட்டாரத்துக்கு இது சட்டம் ஒழுங்கு விஷயம் மட்டுமல்ல.

தன்னையே வருத்திக்கொள்வதும் குற்றமா?

பி.என்.எஸ்ஸில் ஒரு புதிய பிரிவு சேர்ந்திருக்கிறது: 226. ஒரு பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ, தடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தில் தற்கொலைக்கு முயன்றால் 1 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் பைகளைச் சோதனையிட போலீஸார் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே உயிரிழந்த பிறகு அந்தச் சோதனை பல இடங்களில் இறுகியது. அந்தக் குடும்பம் அதற்கு முன்பே பலமுறை மனு கொடுத்திருந்தது. இத்தகைய நிலையில் வருபவருக்கு முதலில் தேவை மனநல உதவியும், மனுவுக்குப் பதிலும்தான். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டமும் அதையே சொல்கிறது.

ஊழியர் அத்துமீறினால்?

முதலில் கசப்பான உண்மை. நல்லெண்ணத்துடன் தன் பதவியின் பேரில் செயல்படும் பொது ஊழியருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது பி.என்.எஸ் 37. அவர் செய்வது சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும்கூட! உயிர் போகும், அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில் மட்டுமே விதிவிலக்கு. எனவே ‘அவர் தப்பு செஞ்சார், நான் தள்ளினேன்’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. சண்டையை அங்கேயே முடிக்கப் பார்க்காமல், பிறகு சட்டத்தின் வழியில் போவதே பாதுகாப்பு.

அந்த வழிகள் என்ன? சட்டத்தை மீறி ஒருவருக்குத் தீங்கு செய்யும் ஊழியருக்கு 198-வது பிரிவில் 1 ஆண்டு வரை சிறை உண்டு. வாக்குமூலம் வாங்க அடித்தால் 120-வது பிரிவில் 7 ஆண்டு வரை. பணி சார்ந்த செயலுக்காக அவர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். முன்பு அந்தக் கோப்பு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் தூங்கும். இப்போது பி.என்.எஸ்.எஸ் 218-ன்படி 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. அத்துமீறல் என்றால் மாநில மனித உரிமை ஆணையம். வேலை நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு.

மொபைலில் வீடியோ எடுக்கலாமா? பொது இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் நின்று முகத்தின் முன்னே நீட்டாமல், வேலையைத் தடுக்காமல் எடுப்பது மட்டுமே ‘தாக்குதல்’ ஆகாது. காவல் நிலையத்தில் வீடியோ எடுத்ததற்காக அலுவலக ரகசியச் சட்டத்தில் போடப்பட்ட ஒரு வழக்கை, காவல் நிலையம் அச்சட்டத்தில் ‘தடை செய்யப்பட்ட இடம்’ அல்ல என்று கூறி 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் துறைமுகம், பாதுகாப்புத் தளம் போன்ற இடங்களுக்கு வேறு விதி.

வழக்கு வந்துவிட்டால்?

‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ என்றால் ஜாமீனே கிடைக்காது என்று பொருளல்ல. காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்க முடியாது. நீதிமன்றத்தில் கேட்கலாம், அவ்வளவுதான். 132, 121(1) போன்று 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது அவசியம் என்பதற்கான காரணத்தைப் போலீஸார் எழுத்தில் பதிய வேண்டும். கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ் 35(3)-ன் கீழ் நோட்டீஸ் அனுப்பி விசாரணைக்கு அழைக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாததே கைதுக்குக் காரணமாகிவிடும்.

தண்டனை 2 ஆண்டுதானே என்று அலட்சியம் வேண்டாம். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஆன்சைட் வாய்ப்பு, அரசுத் தேர்வு, நிறுவனங்கள் செய்யும் பின்னணிச் சோதனை எல்லாவற்றிலும் இந்த எஃப்.ஐ.ஆர் எட்டிப்பார்க்கும். திரும்பத் திரும்ப வன்முறை வழக்கில் சிக்குபவர்கள் மீது 1982-ம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தால், விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே இருக்க நேரும்.

தண்டனையை ஏற்றினால் தாக்குதல் குறையுமா?

மற்ற நாடுகளும் இதே கேள்வியோடு போராடுகின்றன. பிரிட்டனில் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஊழியர்களைத் தாக்குவதற்கென 2018-ல் தனிச் சட்டம் வந்தது. அதிகபட்சம் 1 ஆண்டு என்று இருந்த சிறைத் தண்டனையை 2022-ல் 2 ஆண்டாக்கினார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், கூட்டாட்சி அரசு ஊழியரை ஆயுதத்தால் தாக்கினால் 20 ஆண்டு வரை சிறை உண்டு. இந்தியாவும் காயப்படுத்தியதற்கான உச்சபட்சத் தண்டனையை 3-லிருந்து 5 ஆண்டாக உயர்த்திவிட்டது.

ஆனால், முறப்பநாடு வழக்கில் கவனிக்க வேண்டியது இதுதான்: லூர்து பிரான்சிஸ் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார். இந்தக் கட்டுரையில் பார்த்த எல்லாப் பிரிவுகளும் அடி விழுந்த பிறகோ, மிரட்டல் வந்த பிறகோ வேலை செய்பவை. மணல் லாரியைத் தனியாகப் போய் நிறுத்தும் வி.ஏ.ஓ-வுக்கும், கோபத்தில் கொதிக்கும் கூட்டத்துக்கு நடுவே முதலில் அனுப்பப்படும் காவலருக்கும் அதற்கு முன்பே பாதுகாப்பு வேண்டும். மிரட்டல் புகார் வந்த அன்றே நடவடிக்கை, ஆபத்தான சோதனைக்குக் கூட ஆள், உடலில் அணியும் கேமரா, விரைவான விசாரணை ஆகியவைதான் அந்தப் பாதுகாப்பு. இதில் கேமரா மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும்: கல் எறிந்தவரையும் காட்டும், ‘தள்ளினார்’ என்று பொய்யாக எழுதியவரையும் காட்டும்.

அடுத்த முறை ‘அரசுப் பணியைச் செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு’ என்ற வரியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அங்கே நடந்தது சொல்லா, ஓங்கிய கையா, விழுந்த அடியா? அதற்குப் பொருந்தும் பிரிவுதான் போடப்பட்டிருக்கிறதா? அந்த ஊழியரோ, அந்தப் பொதுமக்களோ அதற்கு முன்பு கொடுத்த மனுவுக்கு என்ன பதில் வந்தது?